வாளிச் சத்தத்திலிருந்து தொடங்குங்கள், தங்கச்சி

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் ஏழு பக்கம். இரண்டு தரம் வாசித்தேன். மற்ற வாசகர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் அதை இங்கே சுருக்கிவிடுகிறேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு 13 வயது. வீடு நாவலடியில். தம்பியின் கை உங்கள் கையில் இருந்தது, பிறகு இல்லை. இப்போது நீங்கள் பாலர் பாடசாலை ஆசிரியை, எட்டு வயதில் ஒரு மகள். இரண்டு மாதத்துக்கு முன் யூடியூப்பில், விரல் நுனியால் முகத்திலும் நெஞ்சிலும் தட்டி மனக்காயத்தை ஆற்றும் முறை ஒன்றைக் கண்டீர்கள். முதல் நாள் கழுத்து இறுக்கத்துக்குத் தட்டியதில், தவிப்புக்கு 0 முதல் 10 வரை போடும் எண் 8 என்றிருந்தது கால் மணித்தியாலத்தில் 3 ஆனது. அன்றிரவு நல்ல நித்திரை. அந்த நம்பிக்கையில் அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் ஒரு மணித்தியாலம், சுனாமியை முழுதாக நினைத்து நினைத்துத் தட்டினீர்கள். இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. வீட்டுக்குள் சேற்றுத் தண்ணீர் மணக்கிறது. மகள் மீது எரிந்து விழுகிறீர்கள். எண் 9இலேயே நிற்கிறது. வீடியோவில் பேசுகிறவரோ, குறையவில்லை என்றால் ஆறுவதற்கு உங்கள் உள்மனம் விரும்பவில்லை என்று சொல்கிறார்.

நீங்கள் கேட்பது மூன்று. பிழையாகத் தட்டுகிறேனா? உண்மையிலேயே எனக்கு ஆற விருப்பமில்லையா? மகளை நினைவுத்தூபிக்குக் கூட்டிப்போக வேண்டும், டிசம்பர் 26க்கு முன் சரிவருமா?

கை நழுவிய அந்த நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தை நான் இங்கே தொடப்போவதில்லை. வாசித்தேன். இன்றைக்கு அது போதும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை. அந்த வீடியோவை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து கேட்கவில்லை என்று போனால், உனக்குச் சுகமாக மனமில்லை என்று சொல்கிற வைத்தியரிடம் நாங்கள் மறுபடி போவோமா? ஏழு பக்கம் எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். விருப்பமில்லாதவர் செய்கிற வேலையா அது?

அடுத்தது, பிழையாகத் தட்டுகிறீர்களா என்பது. நீங்கள் எழுதிய வரிசை சரிதான். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரம், புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரம், கண்ணுக்குக் கீழ் எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடை, நாடிக்குழி, காறை எலும்புக்குச் சற்றுக் கீழ், கமக்கட்டுக்கு நாலு விரல் கீழே, கடைசியில் உச்சந்தலை. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு தட்டு. ஓர் இடம் முன்னே பின்னே போனாலும் குடி முழுகாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் பயத்தால் அவதிப்பட்ட மாணவர்களைப் பிரித்து, சிலரை இந்த இடங்களில் தட்டச் சொன்னார்கள், சிலரைக் கையில் வேறு இடங்களில், சிலரை ஒரு பொம்மையின் மேல். மூன்று கூட்டத்துக்கும் பயம் குறைந்தது. சும்மா கடதாசிப் பொம்மை செய்துகொண்டிருந்த நாலாவது கூட்டத்துக்குத்தான் அப்படிக் குறையவில்லை. பொம்மையில் தட்டும்போது விரல் நுனியில் உள்ள புள்ளிகள் வேலை செய்திருக்கலாம் என்று முறையின் ஆதரவாளர்கள் வாதாடினார்கள். வாதாடட்டும். உடம்பில் சக்தி ஓடும் வழி அடைபட்டிருக்கிறது என்ற விளக்கம் எனக்கு ஏறுவதில்லை. ஆனாலும் பதற்றமும் சம்பவத் தாக்கமும் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, என் கதிரைக்கு முன்னாலும் கண்டிருக்கிறேன். பயப்படும் ஒன்றை ஒரு துளி நினைத்துக்கொண்டு, அதே நேரம் உடம்பை ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், 'இது நினைப்பு மட்டும், இப்போது ஒன்றும் நடக்கவில்லை' என்று உடம்பு மெல்ல விளங்கிக்கொள்கிறது. எனக்கு இது போதுமான விளக்கம்.

இங்கே 'ஒரு துளி' என்பதுதான் முக்கியம். உங்களுக்குப் பிழைத்தது தட்டிய இடம் இல்லை, எடுத்த அளவு. கழுத்து இறுக்கம் என்பது ஒரு துளி, அது இறங்கியது. 'சுனாமி' என்பதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சத்தம், மணம், ஓடியது, தம்பி, அம்மாவின் முகம், முகாம் வாழ்க்கை, 'நீ ஏன் அவனை விட்டாய்' என்று யாரோ கேட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்து ஊரே ஓடியதையும் எழுதியிருக்கிறீர்கள். அன்று அலை வரவில்லை, ஆனால் உங்கள் உடம்புக்கு வந்ததுதான். இத்தனையையும் ஒரே சொல்லில் கட்டி, நித்திரைக்குப் போகும் நேரத்தில், ஒரு மணித்தியாலம் அவிழ்த்தால் எண் எப்படி இறங்கும்? ஒன்று குறையும்போது மற்றொன்று எழும்பும். நீங்கள் காண்பது ஒரே 9 இல்லை, ஆள் மாறி ஆள் வந்து நிற்கிற பல 9.

நிமிடக் கணக்கில் எல்லாம் போய்விடும் என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறையின் மூலவர் ரோஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1980 அளவில் அவரிடம் ஒரு பெண் வந்தார். அவருக்கும் தண்ணீர்ப் பயம்தான், குளிப்பதே பாடு. ஒரு நாள் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னாராம், சில நிமிடத்தில் பயம் போய், அந்தப் பெண் எழும்பி நீச்சல் குளத்தை நோக்கி நடந்தாராம். பிறகு 1990களில் கேரி கிரெய்க் என்பவர், படிப்பால் பொறியியலாளர், கலஹனின் சிக்கலான வரிசைகளை ஒரே வரிசையாகச் சுருக்கி ஈ.எஃப்.டி (உணர்ச்சி விடுதலை உத்திகள்) என்று பெயர் வைத்துப் பரப்பினார். எல்லாரும் அந்தச் சில நிமிடத்தைச் சொல்கிறார்கள். அதற்கு முன் அந்தப் பெண்ணும் கலஹனும் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சந்தித்துப் பேசி, அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் எழும்பி நடந்ததில் அந்த ஒரு வருடத்துக்குப் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

நீங்கள் போடும் எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. மனத்துயரை எண்ணால் அளப்பதைக் கொண்டுவந்தவர் ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர். பயத்தைப் படிகளாக அடுக்கி, மிகச் சிறியதிலிருந்து மேலே ஏறிப் போகும் முறையை வகுத்தவரும் அவர்தான். வீடியோக்காரர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள், ஏணியை விட்டுவிட்டார்கள்.

நான் பெரிய நிதானக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக்கு வந்த பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. அப்படி ஒன்றில், இரண்டே நாளில், நானும் இந்தத் தட்டலைப் படித்தேன். மூன்றாம் நாள் ஒரு தாயை முன்னால் இருத்தினார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர். 10 என்றார். நான் விடவில்லை, சுற்றுக்கு மேல் சுற்று. அரை மணித்தியாலத்தில் 2 என்றார். மண்டபத்தில் எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கும் தலை கால் புரியவில்லை. அதற்கு மூன்று நாள் கழித்து அவருடைய தங்கை வந்து வாசலில் நின்று கேட்டார்: "என்ட அக்காவ என்ன செஞ்சு வெச்சிருக்கிறீங்க? மூணு நாளாச் சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல." அந்த 2, ஆறியதால் வந்த 2 இல்லை, மரத்துப்போனதால் வந்தது. ஆறினவருக்கு மூச்சு நீளும், தோள் இறங்கும், கண் ஆளைப் பார்க்கும். அவருடைய கண் சுவரில் நின்றது. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் காணவில்லை. அவரோடு மீண்டும் அதைப் பற்றிப் பேச எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடித்தது. அதில் முதல் இரண்டு மாதம் பாய் இழைப்பதைப் பற்றி மட்டும் பேசினோம்.

நடந்ததை உடனேயே ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் சொல்லும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டியும் இருந்தது. முகாம்களில் பிள்ளைகளிடம் கிழமைக்கு ஒரு நிறுவனம் வந்து அலையைக் கீறித் தா என்று கேட்டதைக் கண்டவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறான ஒன்றும் இருந்தது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. யுத்தத்தில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு நாள் என்று மாதக் கணக்காக அங்கே வந்து போனார்கள். களிமண், சாயம், கதை, விளையாட்டு. எவராவது உட்கார வைத்து, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்களா? இல்லை. பிள்ளை தானாகச் சொல்ல வந்த நாளில் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் படுவான்கரையில் பிறந்து கல்லடிக்குக் குடிவந்த குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணகி அம்மன் சடங்கு தெரியாமல் இருக்காது. வைகாசியில் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கிய அன்றைக்கே யாராவது அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடுகிறார்களா? அம்மனுடைய சூட்டுக்கே நாள் கொடுத்துத்தான் கடைசியில் குளிர்த்தி பாடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்?

இந்தக் கிழமை தட்டவே வேண்டாம். ஏழு நாள். முதலில் நித்திரை திரும்பட்டும். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் லைட்டைப் போடுங்கள், எழும்பிக் காலைச் சீமெந்தில் அழுத்தி வையுங்கள், முகம் கழுவுங்கள், அறையில் உள்ள ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கலண்டரில் வருடத்தைப் பாருங்கள். கேட்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். உடம்பு 2004இல் நிற்கும்போது அதற்கு வருடத்தைக் காட்டத்தான் வேண்டும்.

அடுத்த கிழமை தொடங்கும்போது இரவில் வேண்டாம். மகள் ரியூசனுக்குப் போன பின்னேரம், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து. கிழமையில் இரண்டு நாள், கூடினால் மூன்று. அலாரம் அடித்தால் எண் எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். 0 ஆக்கிவிட்டுத்தான் எழும்புவேன் என்று குந்தாதீர்கள்.

எதற்குத் தட்டுவது? உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. குழாயடியில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் நீங்கள் குசினிக்குள் போய்விடுவீர்கள், மகள்தான் ஓடி வந்து குழாயைப் பூட்டுவாள் என்று. அதற்கு எண் கேட்டால் 4 அல்லது 5 சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேயிருந்து தொடங்குங்கள். அது இன்றைய விஷயம், உங்கள் வீட்டு விஷயம், பூட்டத் திறக்க உங்கள் கையில் ஒரு குழாய் இருக்கிறது.

முதல் நாள் குழாயைத் திறக்கவே வேண்டாம், சத்தத்தை நினைத்தால் போதும். உள்ளங்கை ஓரத்தைத் தட்டிக்கொண்டு ஒரு வசனம் சொல்ல வேண்டும். 'எனக்கு இந்தப் பயம் இருந்தாலும் நான் என்னை ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்' என்று வீடியோவில் சொல்லித் தந்திருப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கிய வசனம். நம் வாயில் அது பிரசங்கம் மாதிரி விழுகிறது. அதைவிட, தம்பியின் கை நழுவியதற்கு இத்தனை வருடமாகத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம், நான் என்னை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன் என்று நூறு தரம் சொல்லச் சொன்னால், உள்ளே இருப்பவள் நூறு தரமும் 'பொய்' என்று சொல்வாள். நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்லுங்கள்: "இந்த வாளிச் சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்குதுதான். இப்ப நான் என்ட வீட்டுக் குழாயடியில நிக்கிறன். கால் சீமெந்தில இருக்கு." அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு புருவத்திலிருந்து உச்சந்தலை வரை தட்டும்போது "இந்தச் சத்தம்", "நெஞ்சு அடிக்குது" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டு சுற்று. மூச்சு. எண்ணோடு தோளையும் கவனியுங்கள், இறங்கியதா? அது 2க்கு வந்து, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால், அடுத்த தடவை குழாயை நூல் மாதிரித் திறந்து வைத்துத் தட்டுங்கள். மறுகா ஒள்ளுப்பம் கூட, அதாவது பிறகு இன்னும் கொஞ்சம்.

இடையில் தம்பி வருவான். வந்தால் விரட்ட வேண்டாம், பின்னாலும் போக வேண்டாம். "உன்னோட கதைக்க வேறொரு நாள் வெச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சத்தத்துக்கே திரும்பி வாருங்கள். உங்கள் அம்மம்மாவின் பெட்டகம் இன்னும் வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அலாரம் அடித்த பிறகு மிச்சத்தை அதற்குள் வைத்து மூடுவதாக நினைத்து, உண்மையிலேயே போய் அந்த மூடியை ஒரு தரம் திறந்து மூடுங்கள். இப்படி ஓர் அமர்வை முடிப்பதை நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சிரித்துக்கொண்டு செய்தவர்களுக்கும் பலன் இருந்தது.

தட்டும்போது கை கால் உங்களுடையது இல்லாத மாதிரி, சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கிற மாதிரி, ஒன்றுமே உணராத மாதிரி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதைத்தான் நான் அன்று 2 என்று எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நீங்கள் தனியாகத் தொடக் கூடாது. வாளியைத் தனியாகச் செய்யலாம், கழுத்து இறுக்கத்தைத் தனியாகச் செய்யலாம், அது மட்டும் பக்கத்தில் பயிற்சியுள்ள ஒருவர் இருந்து செய்ய வேண்டியது. கிரெய்க்கே அப்படியான சம்பவங்களுக்கு வேறு வழிகள் வைத்திருந்தார். சம்பவத்துக்குள் இறங்காமல் எவ்வளவு வலிக்கும் என்று ஊகித்துச் சொல்ல வைத்து அந்த ஊகத்துக்கே தட்டுவது ஒன்று, சம்பவத்துக்குப் படம் மாதிரித் தலைப்பு வைத்து முதலில் தலைப்புக்கு மட்டும் தட்டுவது இன்னொன்று. சில நேரம் ஒரு தலைப்பிலேயே ஒரு மாதம் போகும். போகட்டும்.

தம்பியை நினைத்தால் வரும் அழுகைக்கு எண் போடாதீர்கள். பதற்றம் குறைய வேண்டியது. துக்கம் 0 ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆகவும் ஆகாது.

இன்னும் இரண்டு கிழமைக்குள் நித்திரை சரிவராவிட்டால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். போதனா வைத்தியசாலை உங்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் கிட்டத்தான். நித்திரைக்கு மருந்து தந்தால் எடுங்கள், தட்டுகிறேன் என்று சொல்லி அதை நிறுத்தாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தரம் எட்டிப்பார்த்தாலும் கிழமைக் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம்.

மாமி பார்வை பார்க்கக் கூட்டிப்போகிறார், நூல் கட்டுகிறார் என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். விடுங்கள். நூலால் கெட்டது ஒன்றுமில்லை, அவருக்கும் பயம். கணவரிடம் மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். "உனக்கு என்ன பேயா" என்று கேட்ட மனிதருக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: பின்னேரம் அந்தப் பத்து நிமிடமும் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து, அலாரம் அடித்ததும் "போதும், எழும்பு" என்று சொல்வது. ஆலோசனை ஒன்றும் தேவையில்லை.

கடைசியாக, டிசம்பர் 26. அதற்கு முன் முடியுமா என்றால், முடியாது. நீங்கள் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணமே அந்தத் திகதி என்று தோன்றுவதால் நேரடியாகச் சொல்கிறேன். எட்டு வயது மகள் தூபியை அடுத்த வருடம் பார்க்கலாம், பத்து வயதிலும் பார்க்கலாம். இந்த வருடம் அன்று காலையில் வீட்டில் விளக்கேற்றி, தம்பிக்குப் பிடித்த சாப்பாடு எது என்று மகளுக்குச் சொல்லி, அதைச் சமையுங்கள். அன்றைக்குத் தட்ட வேண்டாம். போகத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் கணவரோடு பாலம் வரை போய் நின்றுவிட்டு, கிறுகி வந்துவிடுங்கள்.

மூன்று கிழமை கழித்து வாளிச் சத்தத்தின் எண்ணை எழுதி அனுப்புங்கள். 5 இன்னும் 5ஆகவே இருந்தாலும் எழுதுங்கள், வாளியைச் சின்னதாக்கலாம்.